அய்யன் வண்டியும் திண்டுக்கல் பூட்டும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுட்டே வந்த கதை இது. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

ஈரோட்டுல இருந்து நேபாளத்துக்கு மோட்டார் சைக்கிள்லயே போயிட்டு வந்தோம்னு சொன்னா, நம்மூருப் பக்கம் யாரும் "மலையெல்லாம் எப்படி இருந்துச்சு"ன்னு மொதல்ல கேக்கறதில்ல. மொதக் கேள்வி இதுதான்: "ராத்திரில வண்டிய எங்க நிறுத்துனீங்க?" மலை, பனி, பசுபதிநாதர் எல்லாம் அதுக்கப்புறம்தான். சிலபேர் அதைக் கேக்கறதே இல்ல.

நியாயமான கேள்விதானுங்க. எங்க வீட்டுல இந்தக் கேள்விக்கு ஒரு முன்கதை இருக்கு.

1992ல அய்யன்கிட்ட ஒரு ராஜ்தூத் இருந்துச்சு. பெருந்துறை ரோட்டுல ஒரு கல்யாண மண்டபம். ஒறம்பரை வீட்டு முகூர்த்தம். பந்தி முடிச்சு, வெத்தலை போட்டுட்டு, தேங்காய்ப் பையோட வெளிய வந்து பாத்தா வண்டி இல்ல. அப்ப எனக்கு பதினோரு வயசு. அவரு கையைப் பிடிச்சுட்டு நின்னேன். அவரு சத்தம் போடல, யாரையும் கேக்கல. வண்டி நின்ன எடத்தையே சித்த நேரம் பாத்துட்டு நின்னாரு. பொறவு வரிசையா நின்ன எல்லா வண்டியையும் ஒவ்வொண்ணாப் பாத்துட்டே போனாரு, திரும்பி வந்தாரு, மறுபடியும் போனாரு. வேற எடத்துல நிறுத்திட்டு மறந்துட்டமோன்னு ஒரு நப்பாசை. அந்தத் தேங்காய்ப் பை கடைசி வரைக்கும் அவரு கையிலயேதான் இருந்துச்சு.

போலீஸ்ல எழுதிக் கொடுத்தாரு. கெடைக்கல. ஆனா அதுக்கப்புறம் ஒரு வருசம், ரோட்டுல எந்த ராஜ்தூத் போனாலும் திரும்பிப் பாப்பாரு. ஒருதடவ பஸ்ல உக்காந்துட்டு ஜன்னல் வழியா ஒரு வண்டியப் பாத்து, பாதி வழியில எறங்கி, பவானி கூடுதுறை வரைக்கும் ஆட்டோவுல தொரத்திட்டுப் போயிருக்காரு. அது வேற யாரோ வாத்தியார் வண்டி. அந்த வாத்தியாரு இவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிச்சாராம் :-)

1994ல பட்டாளத்துல இருந்து ஓய்வு பெற்ற ஒருத்தர்கிட்ட இருந்து செகண்ட் ஹேண்ட்ல ஒரு புல்லட் வாங்குனாரு. 1986 மாடல், 350 சிசி, மெட்ராஸ் திருவொற்றியூர்ல செஞ்சது. அந்த வண்டிக்கு அவரு வாங்குன மொதப் பொருள் கண்ணாடியோ சீட் கவரோ இல்லீங்க, மாட்டுச் சங்கிலி. பழனிக்குப் போயிட்டு வர்றப்ப திண்டுக்கல்ல எறங்கி ஒரு மாங்காய்ப் பூட்டும் வாங்கிட்டு வந்தாரு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019லதான் புவிசார் குறியீடு கொடுத்தாங்க. அய்யன் அதுக்கு இருபத்தஞ்சு வருசம் முன்னாடியே கொடுத்துட்டாரு. கையில எடுத்தா ஒரு பெரிய மாங்காய் கனம் இருக்கும்.

சங்கிலியைச் சக்கரத்துக்குள்ள மட்டும் விட்டுப் பூட்டமாட்டாரு. தூணு, கரண்ட்டுக் கம்பம், வேப்ப மரம்னு எதையாவது சேத்துத்தான் கட்டுவாரு. எதுவும் இல்லாத எடத்துல வண்டிய நிறுத்தவே மாட்டாரு. கடைக்குப் பத்தடி தூரத்துல எடம் இருக்கும், இவரு நூறடி தள்ளிப்போய் மரத்தடியில கட்டிட்டு நடந்து வருவாரு. மேல ஒரு பழைய பவானி ஜமக்காளத்தைப் போத்திவிட்டுருவாரு. நடுவுல கிழிஞ்சு, சாயம் போன கோடு போட்ட ஜமக்காளம். "கண்ணுல பட்டாத்தான் ஆசை வரும்"னு சொல்லுவாரு. பிற்பாடு நான் வெளிநாட்டுக்காரங்க எழுதின பயணக் கட்டுரையெல்லாம் தேடித் தேடிப் படிச்சப்ப, எல்லாரும் இதையேதான் சொல்லியிருந்தாங்க. ஆயிரக்கணக்குல செலவு பண்ணி வாங்குற பூட்டைவிட, அழுக்கான ஒரு உறை நல்லா வேலை செய்யுமாம்.

புல்லட்டுக்குத் தனியா பூட்டு எதுக்குன்னு கேலி பண்றவங்களும் இருந்தாங்க. அதுலயும் நியாயம் இருக்கு. பழைய புல்லட்டை ஓட்டத் தெரியாதவன் ஸ்டார்ட் பண்ண முடியாது. சாவி போட்டு, கிக்கரை மெதுவா மிதிச்சு, ஆம்பியர் மீட்டர் முள்ளு நடுவுல வந்து நிக்கறதைப் பாத்து, டீகம்ப்ரஸரைப் பிடிச்சு இன்னும் சித்த அமுக்கி விட்டுட்டு, அப்புறம்தான் உதைக்கணும். அவசரப்பட்டு உதைச்சா கிக்கர் திருப்பி அடிச்சு முழங்காலைப் பதம் பாத்துரும். அப்படியே ஸ்டார்ட் ஆனாலும் கியர் வலது காலுல, பிரேக் இடது காலுல. ஸ்ப்ளெண்டர் ஓட்டிப் பழகினவன் பிரேக்குன்னு நெனச்சு கியரை மிதிச்சு, எதிர்ல இருக்கிற டீக்கடைக்குள்ள போயிருவான்.

"ஓட்டிட்டுப் போகமாட்டான், தூக்கிட்டுப் போவான்"னு அய்யன் சொல்லுவாரு. நாலு பேரும் ஒரு டெம்போவும் இருந்தா எந்த வண்டியும் போயிரும். அதனாலதான் தூணு.

எங்க அப்பாரு காலத்துலயும் இதே கதைதான். ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு மாடு ஓட்டிட்டுப் போவாங்க. குதிரை, மாடு எல்லாம் வந்து குவியற பெரிய சந்தை. ராத்திரி மாட்டு மூக்கணாங்கயித்தைத் தன்னோட கால் கட்டை விரல்ல கட்டிட்டுத்தான் அப்பாரு தூங்குவாராம். யாராவது அவுத்தா முழிப்பு வந்துரும். மாடு பொரண்டு படுத்தாலும் முழிப்பு வந்துரும். மூணு நாள் சந்தையில அவரு தூங்குனதே இல்லேன்னு ஆத்தா சொல்லும்.

அய்யன் 2010ல போயிட்டாரு. வண்டி திண்ணைத் தூணுல கட்டுனபடியே கெடந்துச்சு. 2013 அக்டோபர்ல நானும் என்ற மாமா பையனும் நேபாளம் போறதுன்னு முடிவு பண்ணோம். அவன் பல்சர், நான் இது. அம்மா ரெண்டு நாள் ஒண்ணும் பேசல. மூணாம் நாள் காலைல, "போறதுன்னா போ. அப்பன் வண்டி இல்லாம வந்தியின்னா, நீ எப்படி வந்தேன்னு நான் கேக்கமாட்டேன்"னு சொல்லிட்டு உள்ள போயிருச்சு. நேபாளத்துல கரடி இருக்கா, பள்ளத்தாக்கு இருக்காங்கற கவலையெல்லாம் அம்மாவுக்கு இல்ல.

கெளம்பறதுக்கு முன்னாடி இருந்த பேப்பர் வேலையைச் சொல்லியாகணும். பூட்டு பாதிதான், மீதிப் பாதுகாப்பு பேப்பர்லதான் இருக்கு. ஆர்.சி. புத்தகம் இன்னும் அய்யன் பேர்லயே இருந்துச்சு. வண்டிக்காரர் இறந்துட்டா வாரிசு பேருக்கு மாத்தறதுக்குன்னே படிவம் 31னு ஒண்ணு இருக்கு. மூணு மாசத்துக்குள்ள கொடுத்திருக்கணும், நாங்க மூணு வருசம் கழிச்சுக் கொடுத்தோம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அம்மாவோட சம்மதம்னு ஒரு கட்டு காயிதம். இறந்தவர் பேர்ல இருக்கிற வண்டியை எடுத்துட்டு எல்லை தாண்டப் போனா, அது உங்க வண்டிதான்னு நீங்க எப்படி நிரூபிப்பீங்க?

இன்சூரன்ஸ் அடுத்தது. நம்ம பாலிசி இந்தியாவுக்குள்ளதான் செல்லும். கொஞ்சம் கூடப் பணம் கட்டினா நேபாளம், பூடான், பங்களாதேஷ், இலங்கைன்னு அக்கம்பக்கத்து நாடுகளுக்கு நீட்டிச்சுத் தருவாங்க. இது நெறையப் பேருக்குத் தெரியறதில்ல. மச்சான் பல்சருக்கு வாங்கிட்டான். என்ற வண்டிக்கு, "இருபத்தேழு வருச வண்டிக்கு மூணாம் நபர் பாலிசிதான், திருட்டெல்லாம் வராது"ன்னு கையை விரிச்சுட்டாங்க. இன்னொண்ணு, திருட்டுக்குப் பாலிசி இருக்கிறவங்க கவனிக்க வேண்டியது: வண்டி காணாமப் போயி பணம் கேட்டுப் போனா, மொதல்ல ரெண்டு சாவியையும் வையின்னு சொல்லுவாங்க. ஒண்ணுதான் இருக்குன்னா, சாவியை வண்டியிலயே விட்டுட்டுப் போனியான்னு கேள்வி வரும். டூப்ளிகேட் சாவியைத் தொலைச்சவங்க இப்பவே தேடுங்க சாமி.

இன்னும் தூரமா ஈரான், எகிப்துன்னு போறவங்களுக்குக் கார்னேன்னு ஒரு புத்தகம் வேணும். மும்பையில இருக்கிற மேற்கு இந்திய ஆட்டோமொபைல் சங்கம் தருது. வண்டிக்கு பாஸ்போர்ட் மாதிரி. உள்ள வந்ததுக்கு ஒரு முத்திரை, வெளிய போனதுக்கு ஒரு முத்திரை. வெளிய போன முத்திரை இல்லேன்னா வண்டிய அங்கயே வித்துட்டீங்கன்னுதான் கணக்கு. அந்த நாட்டு இறக்குமதி வரியைக் கட்டச் சொல்லுவாங்க. வண்டி திருட்டுப் போயிருந்தா? போலீஸ் ரிப்போர்ட்டோட அவங்ககிட்ட நீங்கதான் போராடணும். அதாவது வண்டியும் போயி வரியும் வந்து சேரும். நம்ம நம்பர் பிளேட் வண்டிக்கு நேபாளத்துல கார்னே வேண்டாம், ஆனா எல்லையில ஒரு சுங்கச் சீட்டு போட்டுத் தருவாங்க. விசயம் அதேதான். எந்த வண்டியோட உள்ள வந்தியோ அந்த வண்டியோட வெளிய போகணும்.

சரி, ரோட்டுக்கு வருவோம். சேலம் போயி, பழைய ஏழாம் நம்பர் தேசிய நெடுஞ்சாலையைப் பிடிச்சா அது நேரா காசிக்குக் கொண்டுபோய் விட்டுரும். அனந்தபூர், ஹைதராபாத், நாக்பூர், ஜபல்பூர், ரேவா, காசி, கோரக்பூர். ஏழு ராத்திரி, ஏழு ஊரு. எல்லா ஊர்லயும் லாட்ஜ்ல நான் கேட்ட மொதக் கேள்வி ரூம் வாடகை இல்லீங்க. "தூணு எங்க இருக்கு?"

நம்மூரு சைக்கிள் ஸ்டாண்டோட அருமை வெளிய போனாத்தான் தெரியும். ஈரோடு பஸ் ஸ்டாண்டுல, ரயில்வே ஸ்டேஷன்ல வண்டிய விட்டா, சீட்டுல சாக்பீஸ்ல ஒரு நம்பர் போடுவாங்க, கையில ஒரு துண்டுச் சீட்டு. அவ்வளவுதான், கோயமுத்தூர் போயி ரெண்டு நாள் கழிச்சு வந்தாலும் வண்டி நிக்கும். சீட்டைத் தொலைச்சுட்டா ஆர்.சி.யைக் காட்டுற வரைக்கும் ஸ்டாண்டுக்காரண்ணன் மூஞ்சியப் பாக்கணுமே! ஆயிரம் வண்டிக்கு நடுவுல எது யாரோடதுன்னு அவருக்குத் தெரியும். நாக்பூர்ல லாட்ஜ் காவலாளி இருபது ரூபா வாங்கிட்டு, வண்டி பக்கத்துலயே கட்டில் போட்டுப் படுத்தாரு. ஜபல்பூர்ல பலகை வெச்சு வண்டிய ரிசப்ஷனுக்குள்ளயே ஏத்திட்டாங்க. காசியில அனுமான் காட் பக்கம் தமிழ் பேசற ஒரு பெரியவரு தன்னோட வீட்டு நடையில எடம் கொடுத்தாரு. நான் எல்லா எடத்துலயும் சங்கிலி போட்டேன். காவலாளி கட்டில் போட்டும் போட்டேன். ராத்திரி மூணு தடவை எந்திரிச்சு ஜன்னல்ல பாத்தேன். அப்பாரு கால்ல கட்டுன கயிறு மாதிரி ஆயிப்போச்சு எனக்கு.

கோரக்பூர்ல ஒரு காமெடி. மச்சான் பல்சருக்கு டிஸ்க் லாக் வாங்கி வெச்சிருந்தான். முன்சக்கர டிஸ்க்குல மாட்டற சின்னப் பூட்டு. இது இருக்கறதை மறந்துட்டு வண்டிய எடுத்தா என்ன ஆகும்னு உலகத்துல எல்லாருக்கும் தெரியும், அதுக்குன்னே ஹேண்டில்பார்ல மாட்டிக்கிற மஞ்சக் கலர் சுருள் கம்பி ஒண்ணு கூடவே தருவாங்க. மாப்ள அந்தக் கம்பியை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டான். காலைல கெத்தா கண்ணாடி மாட்டிட்டு ஆக்ஸிலேட்டரை முறுக்கினான். வண்டி ஒரு அடி போச்சு, நின்னுச்சு, சாஞ்சுச்சு. டீக்கடையில இருந்த பத்துப் பதினஞ்சு பேர் எந்திரிச்சு நின்னு பாத்தாங்க. இண்டிகேட்டர் ஒண்ணு போச்சு, மானம் முழுசாப் போச்சு.

சுனௌலி எல்லை தாண்டுனா பெலஹியா. சுங்கச் சாவடியில லைசென்ஸ், ஆர்.சி. வாங்கி, எத்தனை நாளுன்னு கேட்டு, நாளுக்கு இவ்வளவுன்னு பணம் கட்டச் சொன்னாங்க. பத்து நாளுக்குக் கட்டினேன். சீட்டுல பாத்தா வருசம் 2070! நேபாளத்துல விக்ரம ஆண்டுக் கணக்கு. மாசமும் நம்ம கணக்கு இல்ல. எந்தத் தேதிக்குள்ள வெளிய வரணும்னு அந்தச் சீட்டைப் பாத்து நம்மால சொல்லவே முடியாது. அங்கிருந்த அதிகாரி ஒருத்தரே சிரிச்சுட்டு, பின்னாடி நம்ம தேதியைப் பேனாவுல எழுதிக் கொடுத்தாரு. "இந்த வண்டியோட வாங்க"ன்னு இந்தியில சொன்னாரு. அவரு சாதாரணமாச் சொன்னாரு, எனக்கு அம்மா சொன்ன மாதிரியே கேட்டுச்சு.

புட்வல் தாண்டுனதும் மலை. சாயங்காலம் தான்சேன் போய்ச் சேந்தோம். பல்பா மாவட்டத்துல மலைச்சரிவுல தொங்கற ஊரு. சந்தெல்லாம் செங்குத்தா கல்லு பாவி இருக்கு. பல்பாலி டாக்கான்னு ஒரு துணி, நேபாளக்காரங்க போடற தொப்பி அந்தத் துணியிலதான். கைத்தறிச் சத்தம் கேட்டதும் ஏதோ சென்னிமலைக்கு வந்த மாதிரி இருந்துச்சு. நாங்க தங்குன வீட்டுல கீழ தறிக்கூடம், மேல ரெண்டு ரூம் வாடகைக்கு. வீட்டுக்காரரை அண்ணன்னு கூப்பிடணும்னா நேபாளியில "தாய்"னு சொல்லணுமாம். மீசை வெச்ச ஒரு ஆளைத் "தாய், தாய்"னு கூப்பிட்டுட்டு மச்சான் விழுந்து விழுந்து சிரிச்சான்.

வண்டிய நிறுத்த எடம் சந்துதான். பல்சரை ஒரு மூலையில சொருகியாச்சு. புல்லட்டைக் கட்டறதுக்கு அங்க தூணு இல்ல, மரம் இல்ல, கம்பம் இல்ல. ஒன்பது மணி நேரம் ஓட்டுன அசதி வேற. பின்சக்கரத்தையும் பிரேமையும் சேத்துச் சங்கிலி போட்டு, திண்டுக்கல் பூட்டைப் பூட்டி, ஜமக்காளத்தைப் போத்திட்டுப் படுத்துட்டேன். அன்னிக்கு ஒருநாள்தான் நடுராத்திரியில எந்திரிச்சுப் பாக்கல.

இன்னொண்ணு சொல்லணும். சாயங்காலம் எதுத்த டீக்கடையில வேலை பாக்குற ஒரு பையன், பதிமூணு பதினாலு வயசு இருக்கும், வண்டியையே சுத்திச் சுத்தி வந்தான். பெட்ரோல் டேங்கைத் தொட்டுப் பாத்தான். பூட்டைத் தூக்கிக் கனம் பாத்தான். உக்காந்து சங்கிலியை எண்ணுற மாதிரி பாத்துட்டு இருந்தான். "இவன் பார்வையே செரியில்லடா"ன்னு மச்சான்கிட்ட சொன்னேன்.

காலைல ஆறு மணிக்குக் கீழ எறங்கறேன். வண்டி இல்ல.

கல்லு மேல ஒரு கை அகலத்துக்கு ஆயில் கறை மட்டும் இருந்துச்சு. புல்லட் நின்ன எடத்துல அது மட்டும் தவறாம இருக்கும். சங்கிலி இல்ல, பூட்டு இல்ல, ஜமக்காளம் இல்ல. பல்சர் அதே மூலையில நிக்குது. நான் என்ன பண்ணேன் தெரியுங்களா? சந்துல மேல வரைக்கும் போனேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன். வேற எடத்துல நிறுத்திட்டு மறந்துட்டமோன்னு. ரெண்டாவது தடவை திரும்பறப்பதான், இதை நான் எங்கியோ பாத்திருக்கேனேன்னு தோணுச்சு. காலு நடுங்க ஆரம்பிச்சுருச்சு.

சுங்கச் சீட்டு சட்டைப் பையில இருக்கு. போலீஸுக்குப் போனா என்ன பாஷையில சொல்றது? பத்து நாள்ல எல்லையில வண்டி எங்கன்னு கேட்டா? நேபாளத்துல வண்டிகளுக்கு இறக்குமதி வரி ரொம்பக் கடுசு, வண்டி விலையை விட அது கூட வரும்னு வழியில யாரோ சொல்லியிருந்தாங்க. இதெல்லாம் மண்டையில ஓடுச்சுன்னு இப்ப எழுதறேன். அந்த நேரத்துல நெசமா ஓடுனது, அம்மாவுக்கு போன் பண்ணி மொத வார்த்தை என்ன சொல்றதுங்கறது மட்டும்தான்.

அப்பத்தான் அந்தப் பையன் டீக்கடை பலகையைத் தூக்கிட்டு வெளிய வந்தான். என்னைப் பாத்துச் சிரிச்சான்.

நான் போய் அவன் சட்டையைப் பிடிச்சுட்டேன். தமிழ்லதான் கத்துனேன், என்ன கத்துனேன்னு எழுத வேண்டாம். அவன் சிரிப்பு அப்படியே நின்னுபோச்சு. கையில இருந்த பலகை கீழ விழுந்துச்சு. வாயைத் தொறந்து ஏதோ சொன்னான், எனக்குப் புரியல. ஒரு குலுக்குக் குலுக்குனேன். அவன் என்ற மணிக்கட்டைப் பிடிச்சு, அழுதுட்டே, தறிக்கூடத்துக் கதவுப்பக்கம் இழுத்தான்.

உள்ள, ரெண்டு தறிக்கு நடுவுல, அய்யன் வண்டி நின்னுட்டு இருந்துச்சு. சங்கிலி போட்டபடி, பூட்டுப் போட்டபடி. மேல ஜமக்காளத்தை நான் போத்துனதை விட ஒழுங்கா, நாலு மூலையும் சமமா போத்தியிருந்தாங்க.

விடியக்காலம் நாலரை மணிக்கு மணல் ஏத்திட்டு ஒரு லாரி அந்தச் சந்துல வந்திருக்கு. வழி இல்ல. மேல வந்து கதவைத் தட்டியிருக்காங்க, நாங்க ரெண்டு பேரும் பொணம் மாதிரி தூங்கியிருக்கோம். வீட்டுக்காரரு, அவரு தம்பி, லாரிக்காரங்க மூணு பேரு, அந்தப் பையன், ஆறு பேராச் சேந்து, பூட்டுன வண்டிய அப்படியே தூக்கி உள்ள வெச்சிருக்காங்க. நூத்தம்பது கிலோவுக்கு மேல கனமான வண்டி. "ஓட்டிட்டுப் போகமாட்டான், தூக்கிட்டுப் போவான்."

அப்படியே தறி மேடையில உக்காந்துட்டேன். வீட்டுக்கார தீதி ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து கையில கொடுத்துச்சு. வீட்டுக்காரரு நடந்ததைப் பெருசு பண்ணல. அவரு கவனமெல்லாம் ஜமக்காளத்து மேல இருந்துச்சு. கரையைப் புரட்டி, நூலைப் பிரிச்சுப் பாத்து, "இது எந்த ஊரு நெசவு?"ன்னு கேட்டாரு. பவானின்னேன். எத்தனை பேர் உக்காந்து நெய்வாங்க, தறி எவ்வளவு அகலம்னு கேட்டுட்டே இருந்தாரு. அரைகுறை இந்தியில, ஆறு காவேரியில கலக்கற எடத்துல இருக்கிற ஊருன்னு கை ஜாடையில சொன்னேன். அவரு தலையாட்டுனாரு. நான் வாசலைப் பாத்துட்டே இருந்தேன். பையன் உள்ள வரல.

அன்னிக்குப் பகல் பூரா அவன்கிட்டப் பேசப் பாத்தேன். மன்னிப்புக் கேக்கறதுக்கு நேபாளியில என்ன சொல்லணும்னு தீதிகிட்டக் கேட்டுட்டுப் போய்ச் சொன்னேன். தலையை ஆட்டிட்டு டம்ளர் கழுவப் போயிட்டான். வண்டிய வெளிய எடுத்தப்ப, "வா, ஒரு ரவுண்டு போலாம்"னு சீட்டைத் தட்டிக் காமிச்சேன். நேத்து சாயங்காலம் கேட்டிருந்தா ஓடி வந்திருப்பான். வேண்டாம்னு தலையசைச்சான். கோவமாக்கூட இல்ல. அதுதான் இன்னும் மனசுல நிக்குது. பணம் கொடுக்கலாம்னு மச்சான் சொன்னான், எனக்குக் கை வரல.

அப்புறம் பொக்கரா, ஏரி, மேகம் வெலகுனா தெரியற மச்சாபுச்சரே சிகரம். அதையெல்லாம் எழுதறதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. நான் சொல்ல வர்றது ஒண்ணுதான்: தான்சேனுக்கு அப்புறமும் ராத்திரி எந்திரிச்சுப் பாத்தேன். ஒரு தடவை பாடம் கத்துக்கிட்டு எல்லாரையும் நம்பிட்டேன்னு சொன்னா பொய். ஆனா சங்கிலியைத் தூணோட சேத்துத்தான் கட்டினேன், யாரையும் மொறைச்சுப் பாக்கல.

திரும்பி வர்றப்ப பெலஹியாவுல வேற அதிகாரி. சீட்டை வாங்கிட்டு, வண்டிகிட்ட வந்து குனிஞ்சு, ஹேண்டிலுக்குக் கீழ சேஸிஸ் நம்பர் இருக்கிற எடத்துல படிஞ்ச அழுக்கைக் கட்டை விரலால தேச்சுத் தேச்சுப் படிச்சாரு. ஒரு எண்ணு ஆறா எட்டான்னு தெரியல. கெளம்பறதுக்கு முன்னாடியே அந்த நம்பரை பென்சில்ல தேச்சு ஒரு பேப்பர்ல பிரதி எடுத்து வெச்சிருந்தேன், போட்டோவும் இருந்துச்சு. அதைக் காமிச்சேன். பாத்துட்டு முத்திரை குத்துனாரு. வண்டி நம்முளதுதான்னு காட்டறதுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியல, நீங்களும் எடுத்து வெச்சுக்குங்க. இப்பல்லாம் சீட்டுக்கு அடியில ஒளிச்சு வெக்கிற ஜிபிஎஸ் கருவி வந்தாச்சு, வண்டி அசைஞ்சா போனுக்குச் சேதி வருது. அன்னிக்கு அது இருந்திருந்தா, தறிக்கூடத்துக்குள்ள புள்ளி மின்னியிருக்கும், பையன் சட்டையும் கிழிஞ்சிருக்காது. ஆமாங்க, கிழிஞ்சுது. அதை எழுதாம விட்டுரலாம்னு பாத்தேன்.

வீட்டுக்கு வந்தப்ப அம்மா வாசல்லயே நின்னுட்டு இருந்துச்சு. என்னைப் பாக்கல, மொதல்ல வண்டிய ஒரு சுத்து சுத்திப் பாத்துச்சு. பொறவு ஜமக்காளத்தைக் கையில வாங்கி முகர்ந்து பாத்துட்டு, "தொவைக்கோணும்"னுச்சு. "எங்கியும் ஒண்ணும் ஆகலையே?"ன்னு கேட்டுச்சு. "ஒண்ணும் ஆகலைம்மா"ன்னேன்.

2015 ஏப்ரல் 25ந் தேதி நேபாளத்துல நிலநடுக்கம் வந்தப்ப, டிவியில பாத்துட்டு, வீட்டுக்காரரு எழுதிக் கொடுத்த நம்பருக்கு ஒரு வாரம் முயற்சி பண்ணேன். எட்டாம் நாள் கெடைச்சுச்சு. எங்க வீடு பரவாயில்ல, எல்லாரும் நல்லா இருக்கோம்னாரு. ஜமக்காளக்காரன்னுதான் என்னை ஞாபகம் வெச்சிருந்தாரு. டீக்கடைப் பையனைப் பத்திக் கேக்கறதுக்குள்ள லைன் கட்டாயிருச்சு. மறுபடியும் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடல.

வண்டி இப்பவும் திண்ணைத் தூணுலதான் நிக்குது. அதே சங்கிலி. திண்டுக்கல் பூட்டுக்கு மாசம் ஒருக்கா ரெண்டு சொட்டு எண்ணெய் விடறேன். அந்தப் பையனுக்கு இப்ப இருபத்தஞ்சு தாண்டியிருக்கும்.